அடுத்தாள் முதலாளியானால்

(காரைக்குடியில் இசை ஆர்வலர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)



காரைக்குடியில் இசையைப் பற்றிப் பேச வருகிறவருக்குத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. வீணை இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கம் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நான் ஒரு ஜாஸ் இசைத்தட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் பாடகரோ சாக்சபோன்காரரோ தலைமை ஏற்றதல்ல, பேஸ் வாசிக்கிறவர் தலைமை ஏற்றது. "இது நம்ம ஊருக்கு எதுக்குய்யா?" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா. சுற்றிக்கொண்டு நம்ம ஊருக்கே வந்து சேர்வேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கச்சேரியில் யார் தலைவர் என்பதைப் பொறுத்து, நம் காதுக்கு எது கிடைக்கிறது என்பதும் மாறுகிறது. மேலே பாடுகிறவர் தலைவராக இருந்தால் நமக்கு ராகம் கிடைக்கும், சாகித்தியம் கிடைக்கும், பாவம் கிடைக்கும். கீழே தாங்குகிறவர் தலைவரானால், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்பதே இசையாகக் கிடைக்கும். இரண்டாவது வகைக் கச்சேரி நமக்குப் பழக்கமில்லை. அதற்கான கருவிகளும் கலைஞர்களும் நம் சீமையைச் சுற்றியே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் பேஸ் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இதற்கு அமெரிக்கா போக வேண்டாம். இளையராஜா பாட்டு ஒன்றை மனசுக்குள் ஓடவிடுங்கள். பல்லவிக்கு அடியில் பேஸ் கிடார் தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு நடப்பது கேட்கும். பாட்டை முணுமுணுக்கிற நாம் அதை முணுமுணுப்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு தரையில் கால் பாவாமல் நிற்கும். செல்போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்களுக்கு இது தினசரி அனுபவம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் கீழ்ச்சுரங்களைக் கொடுக்க முடியாது. பாட்டில் பாதி போய்விட்டது என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜாஸ் இசையில் இந்த வேலையைச் செய்வது டபுள் பேஸ். வயலின் குடும்பத்தின் மூத்தது. ஆள் உயரம் இருக்கும். நிறுத்திவைத்து, அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். நான்கு தந்திகள். வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாது, வயலின் போல வழுக்குப் பலகை. ஆகவே கமகம் வரும். ஆர்கெஸ்ட்ராவில் இதை வில்லால் வாசிப்பார்கள். ஜாஸில் பெரும்பாலும் விரலால் மீட்டுவார்கள். அடித்தந்தியின் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 41. காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் தட்டுகிற சுரம் அது.

இந்தக் கருவிக்காரருக்கு ஜாஸில் நெடுநாள் என்ன மரியாதை இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல நல்ல உவமை இந்த ஊரிலேயே இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நம் நகரத்தார் கடை வைத்த காலத்தில் கடைக்குள் ஒரு வரிசை உண்டு. முதலாளி ஊரில் இருப்பார். அங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். ப. சிங்காரத்தின் நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம். அடுத்தாள் யாரென்று வெளியே தெரியாது. ஆனால் எந்தக் கணக்கு எங்கே நிற்கிறது, யார் எவ்வளவு தாங்குவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜாஸ் குழுவில் பேஸ்காரர் அந்த அடுத்தாள். தாளம் எங்கே நிற்கிறது, சுரக்கட்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கட்டு) எங்கே திரும்புகிறது, தனி வாசிக்கிறவருக்கு மூச்சு எப்போது முட்டுகிறது என்று எல்லாக் கணக்கும் அவர் கையில். பெயர் மட்டும் இசைத்தட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

அடுத்தாள் முன்னுக்கு வந்த கதையை நாலு பெயரில் சொல்லிவிடலாம். முதல்வர் ஜிம்மி பிளாண்டன். 1939ல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அதுவரை ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு சுரம் போட்டுத் தாளத்தைக் காட்டிக்கொண்டிருந்த கருவியில் அவர் மெட்டு வாசித்தார், தனி வாசித்தார். குழுவில் இருந்தது இரண்டே வருஷம் சொச்சம். 1942ல் காசநோயில் போய்விட்டார், வயது 23. அதற்குள் அந்தக் கருவியின் தலையெழுத்தை மாற்றிவிட்டார்.

இரண்டாவது பால் சேம்பர்ஸ். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959ல் வந்த தட்டு, உலகம் முழுக்க விற்றது. அதன் முதல் உருப்படியில் மெட்டை எடுப்பது டிரம்பெட் அல்ல, சேம்பர்ஸின் பேஸ். ஊதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டே சுரக்கட்டுகளில் 'ஆமாம்' போடுகிறார்கள். இதுவரை கேட்டிராதவர்கள் இன்று இரவு இதை மட்டுமாவது கேளுங்கள். மேலும் கீழும் இடம் மாறிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பது அரை நிமிஷத்தில் புரிந்துவிடும்.

மூன்றாவது சார்லஸ் மிங்கஸ். இவர் நேராக முதலாளி நாற்காலியிலேயே உட்கார்ந்தவர். எழுதியது அவர், குழுவை நடத்தியது அவர், 1952ல் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக இசைத்தட்டுக் கம்பெனியும் தொடங்கினார். அதே 1959ல் வந்த 'மிங்கஸ் ஆ அம்' தட்டில் பேஸுக்குப் பின்னாலிருந்து அவர் போடுகிற கூச்சலும் பதிவாகியிருக்கிறது. உற்சாகப்படுத்துவார், அதட்டுவார், மேடையிலேயே வாசிப்பை நிறுத்திவிட்டுச் சபையைத் திட்டுவார். 1979 ஜனவரியில் மெக்சிகோவில் காலமானார். அவர் அஸ்தியை மனைவி நம் கங்கையில் கொண்டுவந்து கரைத்தார்.

நான்காமவர் டேவ் ஹாலண்ட். இன்றைய பேச்சின் நடுநாயகம் இவர்தான். 1946ல் இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். லண்டனில் இவர் வாசிப்பைக் கேட்ட மைல்ஸ் டேவிஸ் 1968ல் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். டேவிஸ் மின் கருவிகளின் பக்கம் திரும்பிய காலம் அது. அதிலிருந்து 1970ல் வெளியே வந்த ஹாலண்ட், 1972 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் ஒரு தட்டைப் பதிவு செய்தார். 'கான்ஃபரன்ஸ் ஆஃப் தி பேர்ட்ஸ்', பறவைகளின் மாநாடு. 1973ல் வெளியானது. தலைவராக அவர் பெயரில் வந்த முதல் குழுத் தட்டு. அப்போது அவருக்கு வயது 26.

வெளியிட்டது மியூனிக்கின் ஈசிஎம் நிறுவனம். 1969ல் அதைத் தொடங்கிய மான்ஃப்ரெட் ஐகரும் டபுள் பேஸ் படித்தவர், வாசித்தவர். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஈசிஎம் தட்டுகளில் ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் ஒரு வெளி இருக்கும், கீழ்ச்சுரம் மங்காமல் கேட்கும். அந்தக் காது பேஸ்காரரின் காது.

தட்டுக்குள் போவோம். நான்கே பேர். சாம் ரிவர்ஸ், ஆண்டனி பிராக்ஸ்டன் இருவரும் சாக்சபோனும் புல்லாங்குழலும். பாரி ஆல்ட்சுல் டிரம்ஸும் மரிம்பாவும். ஹாலண்ட் பேஸ். பியானோ இல்லை, கிடார் இல்லை. சுரக்கட்டு போட்டு மெத்தை விரிக்க ஆள் கிடையாது. மேலே இரண்டு ஊதுகருவிகள், கீழே ஒரு பேஸ், நடுவில் காற்று. அந்த இடைவெளியைத் தலைவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். ஆறு உருப்படி, ஆறும் அவர் எழுதியவை.

தலைப்புக்குக் காரணத்தை அவரே தட்டின் உறையில் எழுதியிருக்கிறார். லண்டனில் அவர் குடியிருந்த வீட்டில் சின்னத் தோட்டம் இருந்தது. கோடைக்கால விடியலில் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து பாடுமாம். ஒவ்வொன்றும் தன் பாட்டைத்தான் பாடும், ஆனால் எல்லாம் சேர்ந்துதான் பாடும். அந்த மனநிலையை மற்ற இசைக் கலைஞர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பினார்.

இப்போது தலைப்பு உருப்படியை ஒலிக்கவிடுகிறேன். நாலரை நிமிஷம்தான். தயவுசெய்து மேலே கேட்காதீர்கள், கீழே கேளுங்கள்.

(இசை ஒலிக்கிறது)

என்ன நடந்தது? முதலில் பேஸ் மட்டும், தனியாக. அவசரம் இல்லாமல் நடையைப் பிடித்தார், பிறகு அதைச் சுழற்சியாக நிலைநிறுத்தினார். அதன்மேல் புல்லாங்குழலும் சோப்ரானோ சாக்சபோனும் மெட்டை எடுத்தன. மரிம்பா மரக்கட்டைச் சத்தத்தோடு சேர்ந்துகொண்டது. எல்லோரும் வந்த பிறகு தலைவர் என்ன செய்தார்? முன்னே வரவில்லை, அதே சுழற்சியில்தான் இருந்தார். ஆனால் கவனித்திருப்பீர்கள், குழல் ஒரு சொற்றொடரை நீட்டும்போது பேஸ் ஒரு சுரத்தைக் கூட்டி வழிவிடுகிறது, குழல் மூச்செடுக்கும்போது அந்த இடத்தில் மெல்ல எட்டிப் பார்க்கிறது. அன்று சாம் ரிவர்ஸுக்கு வயது 49, தலைவருக்கு 26. மூத்தவரைக் கட்டுப்படுத்தவும் இல்லை, அவருக்குப் பயப்படவும் இல்லை. அவர் எங்கே போனாலும் கால் வைக்க இடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

அதே தட்டில் 'ஃபோர் விண்ட்ஸ்' என்ற முதல் உருப்படி இதற்கு நேர் எதிர். ஊதுகருவிகள் வேகமான, கோணல்மாணலான மெட்டை ஒருசேர வாசித்துவிட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். முன்கூட்டித் தீர்மானித்த சுரக்கட்டு கிடையாது. முதல்முறை கேட்கிறவருக்குச் சந்தைக்கடை போல இருக்கும். அப்போதும் ஒன்று செய்யுங்கள், பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் மேலே நடக்கிற சண்டை சண்டையாகத் தெரியாது, பேச்சாகத் தெரியும். 'க்யூ அண்ட் ஏ' என்று இன்னொன்று, பெயரிலேயே கேள்வி பதில். நம் தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வருகிற குறைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: நம் குறைப்பில் கேள்வியின் நீளம் கணக்கில் அடங்கும், பதில் கடைசியில் கோர்வையில் வந்து சேரும். இங்கே கேள்வி எவ்வளவு நீளம் என்பதே கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இதைச் சொன்னதும் ஒரு நியாயமான கேள்வி வரும். நம் சங்கீதத்தில் கீழ்ச்சுரத்துக்கு ஆளே கிடையாதா? உண்டு. ஆனால் ஒரே ஆளாக இல்லை. தம்பூராவின் மந்தர ஷட்ஜத்தில் கொஞ்சம். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரரிடம் கொஞ்சம். மிருதங்கத்தின் தொப்பியில் கொஞ்சம். கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அந்தக் கனம் கீழ்ச்சுரத்துக்காகத்தான். வீணையின் அனுமந்தரத் தந்தியில் கொஞ்சம். கடத்தின் வயிற்றில் கொஞ்சம். நாம் பேஸைப் பலர் கையில் பகிர்ந்து கொடுத்திருக்கிறோம். பகிர்ந்து கொடுத்ததால் அது எல்லா இடத்திலும் இருக்கிறது. அதனாலேயே அதற்கென்று ஒரு தலைவர் இல்லை.

இந்தப் பகிர்வு எவ்வளவு வலுவானது என்பதற்குச் 'சக்தி' குழு சாட்சி. ஜான் மெக்லாக்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1975ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரி 1976ல் முதல் தட்டாக வந்தது. அதில் மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரத்து ராகவன். மின் கிடாரில் உலகப் புகழ் பெற்றிருந்த மெக்லாக்லின் அதைக் கீழே வைத்துவிட்டு மின்சாரம் இல்லாத கிடாரை எடுத்துக்கொண்ட குழு இது. இந்தக் குழுவில் பேஸ் கிடையாது! ஜாஸ் பழகியவர்களுக்கு அது பெரிய அதிசயம். கேட்டுப் பாருங்கள், குறை தெரியாது. கடத்தின் வாயை வயிற்றில் பதித்து மூட மூடச் சத்தம் கீழே இறங்கும். விலக்கினால் மேலே ஏறும். விநாயக்ராம் அந்த 'கும்'மை வைத்துக்கொண்டே குழுவுக்குத் தரை போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடம் எங்கே பிறக்கிறது? இங்கிருந்து சிவகங்கை தாண்டினால் மானாமதுரை. நம் மாவட்டம். கண்மாய் மண்ணை எடுத்து, சலித்து, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதம் பார்க்கிறார்கள். சக்கரத்தில் வனைந்த பானை பாதி காய்ந்ததும் வேலை ஆரம்பிக்கிறது. உள்ளே ஒரு கையில் கல், வெளியே மறு கையில் மரத்தட்டு. சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கான தட்டு. சுவரின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக வரும்வரை தட்ட வேண்டும். ஒரு இடம் மெலிந்தால் நாதம் அங்கே ஓட்டையாகிவிடும். பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். வெந்து வந்த பிறகு சுருதியைப் பெரிதாக மாற்ற வழி கிடையாது. வீணைக்குப் பிருடை இருக்கிறது, மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது. கடத்துக்குச் செய்கிறவரின் கைதான் சுருதி. மானாமதுரைக் கடம் கனமானது, விரலுக்கு வேலை வைப்பது. நாதத்தில் ஒரு வெண்கலத் தன்மை இருக்கும். கடம் செய்வதற்காகவே மானாமதுரை மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேடையில் இதை வாசிக்கிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் உபபக்கவாத்தியம். பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில்.

இனி அடுத்த கட்டம். பேஸ் இல்லாத ஜாஸ் குழுவில் நம் தாளக் கருவிகள் கீழ்க்குரலைத் தாங்கின. பேஸ்காரரே தலைவராக இருக்கும் குழுவில் நம் ஆள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுவும் நடந்திருக்கிறது. யோனாஸ் ஹெல்போரி என்று ஸ்வீடன் நாட்டு பேஸ் கலைஞர், 1958ல் பிறந்தவர், மெக்லாக்லினோடு வாசித்தவர். கிடார் போல உள்கூடு உள்ள, மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் பேஸ் கிடாரைத் தன் அடையாளமாக்கிக்கொண்டவர். 2000ல் அவர் வெளியிட்ட 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்' தட்டில் மூன்று பேர்: ஹெல்போரி, அமெரிக்க கிடார் கலைஞர் ஷான் லேன், நம் வி. செல்வகணேஷ். விநாயக்ராமின் மகன், கஞ்சிரா. 2003ல் வந்த 'ஐகான்' தட்டில் செல்வகணேஷோடு உமாசங்கரும் உமாமகேஷும் சேர்ந்தார்கள். அண்ணன் தம்பிமார் மூவர், பேஸ்காரர் தலைமையில். ஷான் லேனின் கிடார் மின் கிடார்தான், ஆகவே முழுக்க மின்சாரம் இல்லாத இசை என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் அடித்தளத்தில் நடக்கிற பேச்சு தோலுக்கும் மண்ணுக்கும் மரத்துக்கும் இடையில் நடக்கிற பேச்சு.

கஞ்சிராவை அருகில் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிய பலாமர வளையம். ஒரு பக்கம் தோல். முன்பு உடும்புத்தோல், வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு ஆட்டுத்தோல் போன்ற மாற்றுகள். வளையத்தில் ஒரே ஒரு வெட்டு, அதில் சலங்கைக் காசு. வாசிக்கும் முன் தோலின் உட்பக்கம் தண்ணீரைத் தடவுகிறார்கள். ஈரம் ஏறினால் சுருதி இறங்கும். பிறகு இடது கை விரல்களால் ஓரத்தை அழுத்தி அழுத்தி, ஒரே அடியில் சத்தத்தைச் சறுக்க வைக்கலாம். இவ்வளவு சிறிய கருவிக்குள் அவ்வளவு ஆழமான 'கும்' இருப்பதை வெளிநாட்டார் நம்ப மாட்டார்கள். பேஸ்காரர் தலைவராக இருக்கும் குழுவில் இது ஒரு நல்ல சிக்கல். கீழ்வீட்டுக்கு இப்போது குடியிருப்பவர் இருவர். ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பி ஒன்றும் கேட்காது. செல்வகணேஷ் அங்கே தாளம் போட்டுக்கொடுக்கப் போகவில்லை. கீழ்க்குரலில் பங்கு கேட்கப் போனார், கிடைத்தது.

இந்தக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் யார்? புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர் சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்குகிற ஊர். ஆக, கடம் மானாமதுரையில், கஞ்சிரா புதுக்கோட்டையில், 'சக்தி'யின் முதல் மிருதங்கம் ராமநாதபுரத்தில். முன்வரிசை ஐயா கேட்டாரே, நம்ம ஊருக்கு எதுக்கு என்று. பாதி பதில் இதுதான்.

முழுக்க மின்சாரம் இல்லாத ஜாஸில் நம் தாளமும் டபுள் பேஸும் சந்தித்ததைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு 2019ல் வந்த 'குட் ஹோப்' இருக்கிறது. அதே டேவ் ஹாலண்ட், ஜாகிர் உசேன், சாக்சபோனில் கிறிஸ் பாட்டர். மூன்றே பேர். தபலாவின் இடது பாயாவும் கஞ்சிரா போலவே சறுக்கும். எழுபது தாண்டிய ஹாலண்ட் அதைக் கேட்டுக் கேட்டுத் தன் சுரத்தை வைப்பார். ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் நம்மை விட்டுப் போன பிறகு இந்தத் தட்டை எடுத்துக் கேட்டால், எல்லோரும் அவரிடம் வியந்து நினைவுகூர்கிற விரல் வேகம் இதில் முக்கியமில்லை என்று தெரியும். எத்தனை இடத்தில் அவர் வாசிக்காமல் விட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

மீதிப் பாதி பதிலுக்கு வருகிறேன். காரைக்குடி என்றால் வீணை. சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் சகோதரர்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்து வீணைப் பரம்பரை, காரைக்குடிக்கு வந்து இந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. அவர்கள் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். தம்பி எல்லோரையும் போல வீணையை மடியில் கிடத்தியிருப்பார். அண்ணன் நிறுத்திப் பிடித்திருப்பார். வீணையை நிமிர்த்திச் செங்குத்தாக வாசித்தவர் சுப்பராமய்யர். டபுள் பேஸ்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரும். இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, உறவு கிடையாது. ஆனால் இந்த ஊர்ப் பாணியின் சிறப்பு என்ன என்று வீணை தெரிந்தவர்களைக் கேளுங்கள். தாளத் தந்திகளைக் கணக்காக மீட்டி நடையை நிறுத்துவது, அவசரம் காட்டாத கனம், கீழ்த்தந்திகளில் தயங்காமல் இறங்கி வாசிப்பது என்பார்கள். இந்தப் பாணியைப் பிறகு சாம்பசிவய்யர் கலாக்ஷேத்ராவில் கற்றுக்கொடுத்தார். ரங்கநாயகி ராஜகோபாலன் நம் காலம்வரை அதைக் கொண்டுவந்தார். கீழே கேட்கத் தெரிந்த காது இந்த ஊருக்குப் புதிதல்ல.

அடுத்தவர் மிருதங்கக் கலைஞர் காரைக்குடி மணி. 1945ல் பிறந்து 2023 மே மாதம் மறைந்தவர். இந்த ஊரில் ரங்கு அய்யங்காரிடம் தொடங்கி, பிறகு ஹரிஹர சர்மாவிடமும் கே. எம். வைத்தியநாதனிடமும் பயின்றவர். ஹரிஹர சர்மா யார்? விநாயக்ராமின் தகப்பனார், செல்வகணேஷின் தாத்தா. ஸ்வீடன் பேஸ்காரரோடு உட்கார்ந்த கஞ்சிராவும் காரைக்குடி மிருதங்கமும் ஒரே வாசலில் பாடம் கேட்டவை.

மணி பெரிய பாடகர்களுக்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்தவர். ஆனால் அதோடு நிற்கவில்லை. 'சுருதிலயா' என்று ஒரு குழுவைத் தொடங்கி, மிருதங்கக்காரர் இசையமைத்து, மிருதங்கக்காரர் தலைமை தாங்கி, மெட்டுக் கருவிகள் அவரோடு சேர்ந்து வாசிக்கிற கச்சேரிகளை நடத்தினார். 1990களில் பால் கிராபோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர் நிறுவிய ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்தார். அது ஜாஸ் கலைஞர்கள் நிறைந்த குழு. 'இன்டு தி ஃபயர்' என்ற படைப்பு அந்தக் கூட்டுறவில் வந்தது. சாக்சபோனும் டிரம்பெட்டும் டபுள் பேஸும் காரைக்குடிக்காரரின் கோர்வையைக் கற்றுக்கொண்டு வாசித்தன. மிங்கஸும் ஹாலண்டும் பேஸுக்கு எதைச் செய்தார்களோ அதை நம் ஊர்க்காரர் மிருதங்கத்துக்குச் செய்தார் என்று சொன்னால் அது உயர்வு நவிற்சி இல்லை.

இதற்கு நம் பக்கத்தில் ஓர் ஆட்சேபம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "தாளக்காரர் தலைவரானால் கச்சேரி கணக்குப் பரீட்சையாகிவிடும். ரசிகன் கையில் விரலை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்" என்பார்கள். உண்மை, அப்படி ஆன கச்சேரிகள் உண்டு. ஆனால் அது கீழே இருப்பவர் மேலே ஏறி உட்கார்ந்து, மேலே இருந்தவர் செய்த அதே வேலையைச் செய்வதால் வருவது. வேகத்தையும் வித்தையையும் காட்டினால் நாற்காலிதான் மாறும், இசை மாறாது. ஹாலண்டின் தட்டு ஏன் ஐம்பது வருஷம் தாண்டியும் நிற்கிறது? தலைவரான பிறகும் அவர் அடுத்தாள் வேலையை விடவில்லை. எல்லோர் கணக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற மூவரும் தங்கள் சிறந்த வாசிப்பை அவர் தட்டில் வாசித்தார்கள். அவருடைய தலைமைக்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

ஆகவே முடிக்கும் முன் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று ரசிகர்களுக்கு. நல்ல ஹெட்ஃபோனோ, பெரிய ஸ்பீக்கரோ வைத்து இன்று சொன்ன தட்டுகளில் ஏதாவது ஒன்றை இரண்டு முறை கேளுங்கள். முதல்முறை வழக்கம்போல. இரண்டாம் முறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து. பழகிய பிறகு அதே காதோடு ஒரு கர்நாடகக் கச்சேரிக்குப் போய்த் தொப்பியையும் கடத்தையும் பின்தொடருங்கள். பத்து வருஷமாகக் கேட்ட கீர்த்தனையில் புது வாசல் திறக்கும்.

மற்றொன்று சபை நடத்துகிறவர்களுக்கு, இந்த ஊரில் மார்கழியும் விழாவும் திருமணக் கச்சேரியும் ஏற்பாடு செய்கிற பெரியவர்களுக்கு. வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் போதும். ஒரு கடக்காரரையோ கஞ்சிராக்காரரையோ மிருதங்கக்காரரையோ கூப்பிட்டு, "இன்றைக்கு நீங்கள்தான் தலைவர். யார் பாட வேண்டும், யார் வாசிக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்" என்று சொல்லுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை முதலில் போடுங்கள். சன்மானத்தையும் அந்த வரிசைப்படி கொடுங்கள், அங்கே மட்டும் பழைய வரிசை வேண்டாம். அந்த மேடையில் வைக்கும் கடம் மானாமதுரையிலிருந்து வந்ததாக இருக்கட்டும், அதைச் செய்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். வீணைக்கு வீடு கொடுத்த ஊருக்கு இது பெரிய செலவில்லை. அப்படி ஒரு கச்சேரி நடந்தால் எனக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள், பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.